வெறுங்காற்றிலிருந்து வந்த எதிரொலி

மார்கழி, தை மாத விடியலில் வட்டவடைப் பள்ளத்தாக்கின் அடுப்புப் புகை நேரே வானத்துக்குப் போவதில்லை. மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் தாண்டி, பாம்பாடும் சோலைக்குள் நுழைந்து வெளியே வந்தால் கண்ணில் படும் ஊர் அது. இடுக்கி மாவட்டம், கேரளம். ஆனால் வீடுகளில் புழங்குவது பெரும்பாலும் தமிழ். மலைச்சரிவைப் படிப்படியாக வெட்டிய வயல்களில் பூண்டு, கேரட், முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு. கோவிலூர் வீடுகளிலிருந்து எழும் புகை கொஞ்ச உயரம் போகும். பிறகு எதிலோ முட்டியது மாதிரி நின்று, பக்கவாட்டில் பரவி, பள்ளத்தாக்கின் மேல் ஒரு தளமாகப் படியும். அதே வேளையில் எதிர்ச்சரிவில் ஒருவர் கூப்பிடும் குரல் இந்தச் சரிவில் துல்லியமாகக் கேட்கும். வெயில் ஏறிவிட்டால் புகை தடையில்லாமல் மேலே கலைந்துவிடும். குரலோ பாதி வழியில் தேய்ந்துவிடும். புகையைத் தடுத்ததும் குரலைச் சுமந்ததும் ஒன்றேதான். கண்ணுக்குப் படாத அதைக் காதால் பார்க்கலாம் என்று தெரியவந்ததற்குக் காரணம், ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் மூடுபனியில் பாறைமேல் மோதி உடைந்த கப்பல்கள்.

கதையின் முதல் முடிச்சு 1708-ல் விழுந்தது. இங்கிலாந்தின் அப்மின்ஸ்டரில் வில்லியம் டெர்ஹாம் என்ற பாதிரியார் தொலைநோக்கியோடு தேவாலயக் கோபுரத்தில் ஏறி நிற்பார். தொலைவில் சுடப்படும் துப்பாக்கியின் தீப்பொறி தெரிந்ததும், சத்தம் வந்து சேரும்வரை நேரத்தை எண்ணுவார். அப்படியே ஒலியின் வேகத்தைத் தம் காலத்துக்கு வியப்பான துல்லியத்தோடு கணித்துவிட்டார். கூடவே இன்னொரு கருத்தையும் எழுதிவைத்தார்: மூடுபனி சத்தத்தை விழுங்கிவிடும். வேகக் கணக்குக்குக் கிடைத்த மரியாதை இந்த வாக்கியத்துக்கும் ஒட்டிக்கொண்டது. ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக அது வேதவாக்காகவே இருந்தது. மாலுமிகள்தான் அதற்கு விலை கொடுத்தார்கள்.

மூடுபனி இறங்கினால் கலங்கரை விளக்கின் ஒளி கடலுக்கு எட்டாது. அப்போது கப்பலுக்கு வழிகாட்டச் சத்தம் ஒன்றுதான் மிச்சம்: மணி, பீரங்கி, ஊதுகுழல். ஆனால் அந்தச் சத்தம் ஒரு நாள் பத்து மைல் கேட்டது, மறுநாள் இரண்டு மைலில் செத்தது. இங்கிலாந்தின் கலங்கரை விளக்கங்களைப் பார்த்துக்கொண்ட டிரினிட்டி ஹவுஸ் என்ற அமைப்புக்கு நெடுங்காலம் அறிவியல் ஆலோசகராக இருந்தவர் மைக்கேல் ஃபாரடே. 1866-ல் அந்தப் பொறுப்பு ஜான் டிண்டாலிடம் வந்தது. 1873 மே 19 அன்று டோவர் அருகே சவுத் ஃபோர்லேண்ட் என்ற சுண்ணாம்புப் பாறை முகட்டில் ஊதுகுழல்கள், நீராவி விசில்கள், பீரங்கிகள், பின்னர் அமெரிக்காவிலிருந்து வரவழைத்த நீராவிச் சைரன் என எல்லாவற்றையும் கடலைப் பார்த்து நிறுத்தி அவர் சோதனையைத் தொடங்கினார். கரையில் ஊதுவார்கள், டிண்டால் கப்பலில் ஏறி, எவ்வளவு தூரம் கேட்கிறது என்று பார்த்துக்கொண்டே விலகிப் போவார். எந்தக் கருவி உசத்தி என்பதைத் தேர்ந்தெடுக்கும் சாதாரண வேலை. ஜூலை மாதம் பிறக்கும்வரை அப்படித்தான் இருந்தது.

ஜூலை 1 அன்று கடலின்மேல் மங்கலான புகைமூட்டம். டெர்ஹாம் சொன்னபடி சத்தம் மடிந்திருக்க வேண்டும். ஆனால் 12 மைலுக்கும் அப்பால் கேட்டது. இரண்டே நாள் கழித்து ஜூலை 3. காற்று ஓய்ந்திருந்தது, கடல் அசையவில்லை, வானில் மாசு மருவில்லை. ஒலி தங்குதடையின்றிப் போகவேண்டிய நாள் என்றால் அதுதான். கப்பல் மூன்று மைல் தூரத்தில் நின்றது. பாறை முகட்டில் பீரங்கி வாயிலிருந்து வெண்புகை குபுக்கென்று கிளம்புவது கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தது. எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். சத்தம் வரவே இல்லை.

டிண்டால் கப்பலைக் கரைக்கு நெருக்கமாகக் கொண்டுபோகச் சொன்னார். இரண்டு மைல் அளவுக்கு வந்தும் மௌனம் தொடர்ந்தது. பிற்பகலில் தனியாக ஒரு மேகம் வந்து வெயிலை மறைத்தது. கடல்மேல் நிழல் விழுந்த கொஞ்ச நேரத்தில், அதுவரை கேட்காத ஊதுகுழல் கேட்கத் தொடங்கியது. மாலையாக ஆகச் சத்தம் எட்டும் தூரம் கூடிக்கொண்டே போனது. ஒரு மேகத்தின் நிழலுக்கும் பீரங்கிச் சத்தத்துக்கும் என்ன உறவு? டிண்டாலுக்குப் பொறி தட்டியது. வெயிலில் கடற்பரப்பிலிருந்து ஆவி ஆங்காங்கே தூண் தூணாக எழுகிறது. சூடும் ஈரமும் இடத்துக்கு இடம் மாறிய அந்தக் காற்றுத் திட்டுகள் ஒளியைத் தாராளமாக விட்டு, ஒலியை மட்டும் சிதறடிக்கின்றன. கண்ணுக்குத் தெளிந்த வானம், காதுக்கு மேகமூட்டம்.

அது உண்மையானால் சிதறிய ஒலி எங்கேயாவது போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். டிண்டால் கரைக்குத் திரும்பி, பாறையடியில் ஊதுகுழல்களுக்கு அருகே போய் நின்றார். குழல் ஊதி ஓய்ந்ததும் கடலின் பக்கமிருந்து அது திரும்பக் கேட்டது. நீண்டு, மெல்ல மெல்லத் தேய்ந்த எதிரொலி. அந்தத் திசையில் கப்பல் இல்லை, பாய்மரம் இல்லை, மேகம் இல்லை. வெறும் காற்று ஒலியைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. பின்னாளில் பிறக்கப்போகும் கருவியின் முதல் அழுகுரல் அது என்று அன்று அந்தக் கரையில் யாருக்கும் தோன்றியிருக்க வழியில்லை.

டிசம்பரில் லண்டனை அடர்ந்த மூடுபனி போர்த்தியது. டிண்டால் விடுவாரா? ஹைட் பார்க் ஏரிக்கரைக்கு விசிலோடு போய்ச் சோதித்தார். பனிக்குள் சத்தம் அருமையாகக் கேட்டது. பனி விலகிய பிறகு மோசமாகியது. டெர்ஹாமின் வாக்கு அத்தோடு உடைந்தது. 1874-ல் எல்லாவற்றையும் தொகுத்து ராயல் சொசைட்டியின் ஏட்டில் வெளியிட்டார். கைதட்டல் வந்திருக்க வேண்டும். வந்தது சண்டை.

அமெரிக்காவின் ஜோசப் ஹென்றி, கலங்கரை விளக்க வாரியத்துக்காக இதே வேலையைச் செய்துகொண்டிருந்தவர், டிண்டாலின் விளக்கத்தை ஏற்க மறுத்தார். ஒலி சிதறவில்லை, வளைகிறது என்றார். ஜார்ஜ் ஸ்டோக்ஸின் கருத்தும் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸின் சோதனைகளும் அந்தப் பக்கத்துக்கே வலுச் சேர்த்தன. சூடான காற்றில் ஒலிக்கு வேகம் அதிகம். பகலில் தரையை ஒட்டிய காற்று சூடாகவும் மேலே குளிர்ந்தும் இருப்பதால், ஒலி மேல்நோக்கி வளைந்து நம் தலைக்கு மேலே போய்விடும். அமைதியான இரவில் தரை குளிர்ந்து, மேலே உள்ள காற்று வெதுவெதுப்பாக இருக்கும். அப்போது ஒலி கீழ்நோக்கி வளைந்து நெடுந்தூரம் கேட்கும். வட்டவடையில் விடியலில் எதிர்ச்சரிவுக் குரல் கேட்பது இதனால்தான். ரெனால்ட்ஸ் சொன்னது சரி. ஜூலை 3-இன் மௌனத்தில் பெரும்பங்கு இந்த வளைவுக்கே உரியது என்றுதான் இன்றைக்கும் சொல்லவேண்டும். ஆனால் அந்த வெற்றியில் ஒரு அநியாயமும் நடந்தது. டிண்டாலின் விளக்கத்தை ஒதுக்கியவர்கள், அவர் காதால் கேட்ட எதிரொலியையும் சேர்த்து ஒதுக்கிவிட்டார்கள்.

அந்த எதிரொலி பரணில் ஏறியது. முதல் உலகப் போருக்குப் பிறகு, அதே கென்ட் கடற்கரையில் ஒலிக்கு இன்னொரு வாய்ப்பு வந்தது. எதிரி விமானத்தின் இரைச்சலைத் தொலைவிலேயே பிடிப்பதற்காக டெஞ்ச் என்ற இடத்தில் கான்கிரீட்டில் பிரம்மாண்டமான ஒலி ஆடிகளைக் கட்டினார்கள். அவற்றில் ஒரு வளைந்த சுவர் 200 அடி நீளம். 1935-ல் ராபர்ட் வாட்சன்-வாட் ரேடியோ அலையால் விமானத்தைக் கண்டுபிடித்துக் காட்டினார். ரேடார் பிறந்துவிட்டது. கான்கிரீட் காதுகள் கடற்கரையிலேயே அனாதையாக நின்றன. காற்றில் ஒலியை விட்டு எதையும் தேடும் எண்ணமே பழங்கதையாகிவிட்டது. ரேடியோ துரத்திய ஒலியைத் திரும்பக் கூப்பிட்டவர்கள், விந்தையாக, ரேடியோக்காரர்களே.

போர் முடிந்த கையோடு அமெரிக்காவின் பெல் ஆய்வகத்துக்கு ஒரு தலைவலி. கோபுரத்துக்குக் கோபுரம் மைக்ரோவேவ் அலையில் தொலைபேசிப் பேச்சை அனுப்பும் திட்டம் நடந்துகொண்டிருந்தது. மழை இல்லை, இடி இல்லை. காற்றோட்டமில்லாத தெளிந்த இரவுகளில்தான் அலை சட்டென்று மங்கியது. காற்றில் அடுக்கடுக்காக ஏதோ உருவாகி அலையைத் திசைதிருப்புகிறது என்று கில்மன், காக்ஸ்ஹெட், வில்லிஸ் மூவரும் சந்தேகித்தார்கள். அந்த அடுக்கைப் பார்ப்பது எப்படி? ஒலிபெருக்கியை வானத்தைப் பார்த்துத் திருப்பி, ஒரு சிறு ஒலித்துணுக்கை மேலே அனுப்பினார்கள். பதில் வந்தது. மைக்ரோவேவ் மங்கிய இரவுகளோடு அந்த எதிரொலி பொருந்தியும் போனது. 1946-ல் அமெரிக்க ஒலியியல் கழக ஏட்டில் வெளியான கட்டுரையில், ரேடாருக்குத் தம்பியாக இந்த முறைக்குப் பெயரும் வைத்தார்கள்: சோடார்.

பெயர் கிடைத்தது, பிழைப்பு கிடைக்கவில்லை. எதிரொலி, அவர்கள் கணக்குப் போட்டதைவிட அதிக வலுவாக இருந்தது. வெப்பநிலை மெல்ல மெல்ல மாறும் ஓர் அடுக்கு இவ்வளவு ஒலியைத் திருப்பாது. ஏன் இந்த முரண்? விடை தெரியாமலே கட்டுரை அலமாரிக்குப் போனது. இருபது ஆண்டுகளுக்கு அதைத் தூசு தட்ட ஆளில்லை.

விடை மாஸ்கோவில் வேறு வேடத்தில் உருவாகிக்கொண்டிருந்தது. ஒபுகோவ், டட்டார்ஸ்கி ஆகியோர் கொந்தளிக்கும் காற்றில் அலைகள் எப்படிச் சிதறும் என்பதற்குக் கணிதம் எழுதிக்கொண்டிருந்தார்கள். 1950-களின் இறுதியில் கல்லிஸ்ட்ரட்டோவா என்ற பெண் விஞ்ஞானி திறந்தவெளியில் ஒலியை விட்டுச் சிதறலை அளந்தார். 1962-ல் மோனின் சமன்பாட்டை முடித்தார். பெல் ஆய்வகத்தின் புதிர் அதில் அவிழ்ந்தது. ஒலியைத் திருப்புவது வழவழப்பான அடுக்கு அல்ல. அடுக்கின் விளிம்பில் குளிர்காற்றும் சூடான காற்றும் கலந்து சுழலும் சின்னச்சின்னத் திட்டுகள். அதிலும் ஒரு நுட்பம். அனுப்பிய இடத்துக்கே நேராகத் திரும்பி வரும் ஒலி, வெப்பநிலையின் ஏற்ற இறக்கத்தை மட்டுமே சுமந்து வரும். காற்றின் சுழல்கள் சிதறடிக்கும் ஒலி மற்றக் கோணங்களில்தான் போகும். சவுத் ஃபோர்லேண்ட் பாறையடியில் நின்று டிண்டால் கேட்டது வெறும் மனப்பிராந்தி இல்லை என்பது 89 ஆண்டுகளுக்குப் பிறகு தாளில் நிரூபணமானது. தாளில் மட்டும்தான். காற்றின் உருவத்தை அதுவரை ஒருவரும் பார்த்திருக்கவில்லை.

பார்த்தது ஆஸ்திரேலியாவில். அடிலெய்டை அடுத்த சாலிஸ்பரியில் ஆயுத ஆராய்ச்சி நிலையம் ஒன்று இருந்தது. அங்கே மெக்கலிஸ்டர் என்ற ஆய்வாளர் ஒலிபெருக்கிகளை வரிசை வரிசையாக அடுக்கி வானத்தைப் பார்க்க வைத்தார். ஒலிபெருக்கி, எதிர்மாறாக இயக்கினால் மைக்காகவும் வேலை செய்யும். ஆகவே ஒலியை அனுப்பிய அதே ஒலிபெருக்கிகள் மறுகணமே செவிகளாக மாறி எதிரொலிக்குக் காத்திருந்தன. கேட்டதை எண்ணாக எழுதாமல், படம் அனுப்பும் ஃபேக்ஸ் வகைப் பதிவுப் பொறியில் இணைத்தார். தாள் மெல்ல நகரும். எதிரொலி பலமாக வந்த உயரத்தில் கருமை விழும். கிடைமட்டமாக நேரம், செங்குத்தாக உயரம். இது ஒன்றும் பெரிய தொழில்நுட்பமல்ல. ஆனால் முழுக்கதையும் திரும்பியது இந்த ஒரு முடிவில்தான் என்பேன். எண்களின் பட்டியலாக மட்டும் வந்திருந்தால் இதுவும் அலமாரிக்கே போயிருக்கும்.

தாளில் விழுந்ததைப் பார்ப்போம். இரவு: தரையை ஒட்டி, சில நூறு மீட்டர் உயரம்வரை அடர்ந்த கரும்பட்டைகள். சில இடங்களில் அந்தப் பட்டை கடலலை மாதிரி மேலும் கீழும் நெளிந்தது. சூரியன் ஏறியதும் பட்டை தரையைவிட்டுக் கழன்று, கொஞ்சம் கொஞ்சமாக மேலே எழுந்தது. அதன் அடியில் ஈட்டிகளை நட்டதுபோலச் செங்குத்துக் கீற்றுகள்: வெயிலில் காய்ந்த தரையிலிருந்து கிளம்பும் வெப்பக்காற்றின் எழுச்சிகள், ஒவ்வொன்றாக. நடுப்பகலுக்குள் பட்டை உயரத்தில் கரைந்து மறைந்தது. அந்தியில் தரையோரம் மீண்டும் ஒரு மெல்லிய கோடு. பலூன் விட்டால் நாளுக்கு ஓரிரு முறை கிடைக்கும் தகவல், விநாடிக்கு விநாடி நகரும் படமாகக் கிடைத்துவிட்டது. வட்டவடையில் புகை முட்டி நிற்கும் உயரம், அந்தத் தாளில் கரும்பட்டை விழும் உயரம். சூடான காற்று மேலேயும் குளிர்ந்த காற்று கீழேயும் தங்கி, பானைக்கு மூடி போட்டதுபோல் எதையும் மேலே விடாத அந்த நிலை, முதல்முறையாகத் தன் முகத்தைக் காட்டியது.

1968-இல் மெக்கலிஸ்டரின் கட்டுரை வெளியானது. அடுத்த ஆண்டே அமெரிக்காவின் போல்டர் நகரிலிருந்து அதற்கு எதிர்க்குரல் வந்தது, ஆமோதிப்பாக. கார்டன் லிட்டில், அலைப்பரவல் ஆய்வகத்தின் இயக்குநர். அலாஸ்காவின் குளிரில் விண்வெளி ரேடியோ இரைச்சலை அளக்கும் ரியோமீட்டரை உருவாக்கியவர்களில் ஒருவர். ரேடியோவிலேயே ஊறிய அவர் உட்கார்ந்து ஒலிக்காகக் கணக்குப் போட்டார். காற்றின் வெப்பநிலை ஒரு டிகிரி மாறினால் ரேடியோ அலைக்கு அது தெரிவது பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஒலிக்குத் தெரிவது ஆயிரத்தில் கிட்டத்தட்ட 1.7 பங்கு. காற்றிலிருந்து திரும்பிவரும் ஆற்றலில் பார்த்தால் ஒலியின் கை ஏறக்குறைய பத்து லட்சம் மடங்கு ஓங்கியிருந்தது. கோடிக்கணக்கில் செலவழித்து ரேடார் செய்யத் திணறியதை, ஒலிபெருக்கியும் அதன் மின்சுற்றும் செய்துவிடும்.

அதோடு அவர் நிற்கவில்லை. ரயில் நெருங்கும்போது அதன் கூவல் உச்சத்திலும் விலகும்போது தாழ்ந்தும் கேட்கும் டாப்ளர் விளைவு, எதிரொலிக்கும் பொருந்துமே? விநாடிக்கு 1,700 அதிர்வுள்ள ஒலியை அனுப்பி, சிதறடித்த காற்று விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் நெருங்கி வந்தால், திரும்பும் ஒலி 10 அதிர்வு கூடியிருக்கும். 1971-ல் பெரானும் லிட்டிலும் வில்மார்த்தும் இப்படிக் காற்றின் மேல்-கீழ் ஓட்டத்தை அளந்து நேச்சர் இதழில் வெளியிட்டார்கள். உருவத்தைக் காட்டிய கருவி, இனி வேகத்தையும் சொல்லும். ஒலியைச் செங்குத்தாக ஒன்றும் சாய்வாக இரண்டுமாக மூன்று திசைகளில் அனுப்பினால் காற்று எந்தப் பக்கம், எந்த உயரத்தில், எவ்வளவு விசையாக வீசுகிறது என்பதெல்லாம் வந்துவிடும்.

எதிரி ஒன்று இருந்தது, அதுவும் ஒலியே. அரைக் கிலோமீட்டர் உயரம் போய்த் திரும்பும் ஒலித்துணுக்கு மூன்று விநாடி கழித்து வரும்போது கேட்பதற்கே அரிதாக மெலிந்திருக்கும். பக்கத்தில் ஒரு லாரி போனாலோ, மழை விழுந்தாலோ, காற்று பலமாக அடித்தாலோ எதிரொலி மூழ்கிப்போகும். ஆகவே கருவியைச் சுற்றி ஒலியுறிஞ்சும் பஞ்சு பதித்த உயரமான அடைப்பு முளைத்தது. உள்ளிருக்கும் ஒலி வெளியே போய் அக்கம்பக்கத்தாரின் தூக்கத்தைக் கெடுக்காமலும் அது காத்தது. இன்றைக்குச் சோடார் என்றால் மனதில் வரும் அந்த விசித்திரப் பெட்டி, இரைச்சலுக்குப் பயந்து உண்டான உருவம்.

இந்தியாவில் இதைக் கையில் எடுத்தது புதுதில்லியின் தேசிய இயற்பியல் ஆய்வகம். வத்திராயிருப்பில் பிறந்து, சி. வி. ராமனோடு ஒளிச்சிதறலில் உழைத்த கே. எஸ். கிருஷ்ணன் முதல் இயக்குநராக இருந்து வளர்த்த இடம் அது. அங்கே 1970-களில் எஸ். பி. சிங்காலின் குழு சோடாரை உருவாக்கி, தில்லி வானத்தைக் கேட்கத் தொடங்கியது. குளிர்கால இரவுகளில் தலைநகரின் மேல் மூடி எந்த உயரத்தில் விழுகிறது, காலையில் எப்போது திறக்கிறது என்பது பதிவுத் தாளில் தெரிந்தது. மாசு எவ்வளவு நேரம் மக்கள் மூச்சில் தங்கும் என்பதற்கு அதுவே விடை. அந்த விடையின் விலை எவ்வளவு என்பதை நாடு தெரிந்துகொண்டது 1984-ல்.

அந்த ஆண்டு டிசம்பர் 2 நள்ளிரவையொட்டிப் போபால் ஆலையிலிருந்து மெத்தில் ஐசோசயனேட் கசிந்தது. குளிர்கால இரவு, தரை குளிர்ந்து, காற்று அசையாமல் அடுக்காகப் படிந்திருந்த வேளை. காற்றைவிடக் கனமான அந்த வாயு மேலே கலையவில்லை. தூங்கும் குடிசைகளின் உயரத்திலேயே ஊர்ந்தது. பகல் வெயிலில் நடந்திருந்தால் சாவு எண்ணிக்கை குறைந்திருக்கும் என்பதைச் சொல்லும்போது நெஞ்சு கனக்கிறது. காற்றின் கடைசி சில நூறு மீட்டரை அறிவது ஆராய்ச்சிக்காரரின் பொழுதுபோக்கு என்று இனி எவரும் சொல்ல முடியாது.

அதே 1984-இன் இலையுதிர் காலத்தில் அமெரிக்காவின் கொலராடோவில், பிரஷ் க்ரீக் என்ற குறுகலான மலைப் பள்ளத்தாக்கில் டாப்ளர் சோடார்கள் உட்பட ஏகப்பட்ட கருவிகளை இறக்கி ஒரு பெரிய ஆய்வு நடந்தது. இரவில் சரிவுகளின் மேற்பரப்பு குளிர, அதை ஒட்டிய காற்று கனத்து வழிந்திறங்கி, அடிவாரத்தில் சேர்ந்து, பள்ளத்தாக்கு நெடுகக் கீழே ஓடுவதை அடுக்கடுக்காக அளந்தார்கள். நம் மலைக்காரர்களுக்கு இது புதிதல்ல. மூணாறு பக்கம் செண்டுவாரை, லட்சுமி எஸ்டேட்களில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே போகும் ஜனவரி விடியல்களில் உறைபனி முதலில் வெளுப்பது தாழ்ந்த நிலத்தைத்தான். மேட்டிலிருக்கும் தேயிலை பச்சையாக நிற்க, பள்ளத்திலிருப்பது கருகும். அனுபவம் சொன்னதை மீட்டர் கணக்கில் சொல்ல ஒரு கருவி வந்திருந்தது. ஆனால் இந்தியச் சோடாரின் அடுத்த பெரிய சோதனைக்களம் மலையில் அமையவில்லை.

1990-ல் ரொத்தம் நரசிம்மா போன்றோர் முன்னின்று நடத்திய பருவமழைக் குறைவழுத்தப் பட்டை பற்றிய ஆய்வு, ராஜஸ்தானிலிருந்து வங்காளம்வரை விரிந்தது. ஜோத்பூரின் வறண்ட மணலில் ஒரு முனை, கரக்பூரின் ஈரமண்ணில் மறுமுனை. 30 மீட்டர் கோபுரங்கள் நட்டார்கள். கோபுரம் எட்டாத உயரத்தைக் கரக்பூரில் சோடார் எட்டியது. அதே ஆண்டு ஒலியால் வளிமண்டலத்தையும் கடலையும் ஆராயும் உலக விஞ்ஞானிகள் புதுதில்லியில் கூடினார்கள். அதற்குப் பிறகு கருவி இன்னும் தெற்கே வந்தது, கடற்கரைக்கு.

கல்பாக்கத்தில் அணுமின் நிலையம் இருப்பதால் அங்கே காற்றின் ஒவ்வொரு அசைவும் பாதுகாப்புக் கணக்கு. காலை வெயிலில் மணல் சூடேறி, பகலில் கடற்காற்று உள்ளே நுழையும். குளிர்ந்த அந்தக் காற்று கரையில் கால் வைத்ததும் அடியிலிருந்து சூடாகத் தொடங்கும். சூடேறிக் கொந்தளிக்கும் அடுக்கு கரையோரத்தில் மிகத் தாழ்வாகவும், ஊருக்குள் போகப்போக உயரமாகவும் வளரும். புகைபோக்கியிலிருந்து வெளிப்படும் எதுவும் அந்த அடுக்குக்கு மேலே அமைதியாக மிதந்து போய், தூரத்தில் அடுக்கின் கூரையைத் தொட்டதும் ஒரேயடியாகக் கீழே இழுக்கப்பட்டுத் தரைக்கு வந்துவிடும். பக்கத்தில் நிற்பவருக்கு ஒன்றுமில்லை. தள்ளி இருப்பவருக்கு ஆபத்து. அந்தக் கூரை எந்த உயரத்தில்? தாரா பிரபா, வெங்கடேசன், ஆஸ்திரியாவின் முர்ஷ்-ராட்ல்கிரூபர் உள்ளிட்டோர் சிறிய சோடார் ஒன்றைக் கல்பாக்கத்தில் வைத்துக் கேட்டார்கள். வானிலை நிலவரம் மாற மாற அந்த அடுக்கு எப்படி மாறுகிறது என்பது 2002-ல் வெளியான அவர்கள் கட்டுரையில் பதிவானது. மெக்கலிஸ்டரின் தாளில் விழுந்த கீற்றுகளும் பட்டைகளும் இப்போது செங்கல்பட்டுக் கடற்கரையின் கதையைச் சொல்லின.

திருப்பதிக்கு அருகே காதங்கியில் இன்னொரு திருப்பம் காத்திருந்தது. அங்கே 1,024 ஆண்டெனாக்களை ஒரு பெரிய மைதானம் முழுக்க நட்டு உருவாக்கிய பெரும் ரேடார், வானத்தின் உயரமான அடுக்குகளைத் துருவிக்கொண்டிருந்தது. ஆனால் தரையிலிருந்து முதல் மூன்று கிலோமீட்டர் அதற்கு இருட்டு. அவ்வளவு பக்கத்தைப் பார்க்க அதனால் முடியாது. மனிதர் மூச்சு விடும் உயரத்தைப் பார்க்க ஒலிதான் வரவேண்டியிருந்தது. ஆனந்தன் தலைமையிலான குழு, ஒலிக்கற்றையைக் கருவியை அசைக்காமலே மின்னணு முறையில் திசைமாற்றும் டாப்ளர் சோடாரை அங்கேயே கட்டியது. முதல் முடிவுகள் 2008-ல் வெளியாயின. 1935-ல் ரேடார் வேலையிலிருந்து நீக்கிய ஒலி, ரேடாரின் காலடியிலேயே இடம்பிடித்துவிட்டது.

அதோடு முடியவில்லை. காதங்கியின் விஞ்ஞானிகள் ஜப்பானியச் சகாக்களோடு சேர்ந்து இரண்டையும் கோத்துப் பார்த்தார்கள். ரேடாரின் அலைநீளம் ஐந்தரை மீட்டருக்குச் சற்று அதிகம். அதில் சரிபாதி அலைநீளமுள்ள ஒலியை, அதாவது விநாடிக்கு ஏறக்குறைய 120 அதிர்வுள்ள கனத்த ரீங்காரத்தை, மேல்நோக்கி அனுப்பினால், அந்த ஒலி அலைகளே ரேடாருக்குக் கண்ணாடியாகிவிடும். காற்றைத் தேட அனுப்பிய ஒலி, இப்போது தானே தேடப்படும் பொருளாகிவிட்டது. ரேடார் அதைத் துரத்திக்கொண்டே போய், ஒவ்வொரு உயரத்திலும் ஒலி எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று அளந்தது. ஒலியின் வேகம் தெரிந்துவிட்டால் அந்த உயரத்துக் காற்றின் வெப்பநிலையைக் கணக்கிட்டுவிடலாம். பலூன் விடாமல், கோபுரம் கட்டாமல், தரையில் இருந்தபடியே காதங்கிக்கு மேலே பல கிலோமீட்டர் உயரம்வரை காற்று எத்தனை டிகிரி என்ற பட்டியல் அவர்கள் கைக்கு வந்தது.